என்டரைத் தட்டுவதற்கு முன்

அவையை அழகுற நடத்தும் தலைவர் அவர்களே! நான் முடிக்கும்வரை மணியடிக்க மாட்டேன் என்று வாக்களித்திருக்கும் செயலாளர் அவர்களே! சர்வர்களுக்குக் காவலிருந்து கண் சிவந்த பெரியோர்களே! வீட்டிலுள்ள அத்தனை கருவிகளையும் சரிசெய்துவிட்டு ஒரு பாராட்டும் பெறாத தாய்மார்களே! கறுப்புத் திரையில் கட்டளை எழுதிக் காலத்தை மிச்சம் பிடிக்கும் தம்பி தங்கைகளே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

கட்டளை வரியைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். எனக்கு நாலு போதாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆயிரம் கோப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பெயர் மாற்றுவது உழைப்பா? இல்லை, விரலுக்குத் தண்டனை! ஒரே வரி எழுதினால் ஒரே நொடியில் முடிகிற வேலை. ஆனால் நொடியில் ஆக்குகிற வரி, நொடியில் அழிக்கவும் செய்யுமே! எனவே எந்தக் கணினியில் இருக்கிறோம் என்று முதலில் ஹோஸ்ட்நேம் கேளுங்கள். வன்வட்டில் இடம் உண்டா என்று டிஎஃப் கேளுங்கள். அழிக்கும் கட்டளைக்கு முன்னால் எக்கோ போட்டு, எதை அழிக்கப்போகிறாய் என்று அதன் வாயாலேயே சொல்ல வையுங்கள். என்ன சொல்கிறீர்கள், கடைசி வரிசையில்? அழிந்தால் மீட்டுக்கொள்ளலாமா? தம்பி, கறுப்புத் திரையில் குப்பைத்தொட்டி கிடையாது!

கன்னியர் மடப் பள்ளியில் படித்தவள் நான். திரும்பப் படிக்காமல் விடைத்தாளைக் கொடுத்தால் அங்கே விரல்முட்டி வீங்கும். என் கணவர் இருந்தவரை, "பூட்டைப் பூட்டி இழுத்துப் பார்ப்பா. இழுத்துப் பார்த்தோமான்னு திரும்பி வந்து இன்னொரு தடவை பார்ப்பா" என்று கேலி செய்வார். செய்யட்டுமே! ஒரு நாளாவது வீடு திறந்து கிடந்ததா?

பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களைக் குரலில் பதிந்து வைக்கும் ஒலி நூலகத்தில் நான் பணிபுரிகிறேன். அங்கே சர்வரைப் பார்த்துக்கொள்ளும் என் சகாவுக்குத் தட்டச்சு வேகத்தால் மின்னல் என்று பெயர். முன்வரிசையில் தலையைக் குனிந்து சிரிக்கிறாரே, அவர்தான்! அவருடைய அக்காதான் எங்கள் நூலகத்தின் குரல். அந்த அம்மாளுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் பிழைத்தது, குரல் போனது.

அவர் படித்துப் பதிந்த புத்தகங்களெல்லாம் சர்வரில் இருந்தன. நகல் வைத்திருந்த வட்டு செத்துப்போனது. மூல வட்டும் கரகரக்கத் தொடங்கியது. புது வட்டு வாங்கி, செத்ததன் இடத்தில் பொருத்தினோம். உடனே நகலெடுக்க வேண்டும். அக்காவும் வந்து பக்கத்தில் அமர்ந்துவிட்டார்.

மின்னல் என்ன செய்தார்? மேல் அம்புக்குறியைத் தட்டி, ஒரு வட்டை இன்னொன்றைப் போலவே ஆக்கும் பழைய ஆர்சிங்க் கட்டளையை எடுத்தார். நாமெல்லோரும் செய்வதுதானே?

"ஒத்திகை பார்த்தீங்களா?" என்றேன்.

"அம்மா, போன தடவை ஓடின அதே வரிதான். பூ மாதிரி ஓடிச்சு."

"அது போன தடவை. ஒரு 'என்' சேர்த்துக்குங்க. ஒரே இங்கிலீஷ் எழுத்து. கை தேஞ்சா போயிடும்?"

"உங்ககூட வேலை பார்த்தா மின்னலுக்கே இடுப்பு பிடிச்சுக்கும்!"

அக்கா அவர் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தார். என் வாயை அடைப்பதற்காகவே மின்னல் 'என்' சேர்த்தார். அந்த எழுத்து இருந்தால் கட்டளை எதையும் செய்யாது. செய்யப்போவதைக் காட்ட மட்டும் செய்யும்.

காட்டியது! அழிக்கிறேன், அழிக்கிறேன், அழிக்கிறேன் என்று வரி வரியாக ஓடியது. ஒவ்வொரு வரியும் அக்கா படித்த ஒரு புத்தகம்! போன தடவை ஓடியது, நகலிலிருந்து மூலத்துக்குக் கோப்புகளை மீட்டுக் கொண்டுவந்த கட்டளை. இப்போது நகலின் இடத்தில் இருப்பதோ வெறும் வட்டு. வெறுமையைப் பார்த்து மூலத்தையும் வெறுமையாக்கக் கிளம்பிவிட்டது அது!

மின்னல் இரண்டு கைகளையும் எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். "அக்கா... நானே உன் குரலை..." அக்கா அந்தக் கைகளை இழுத்து விசைப்பலகை மேல் வைத்தார். மூலத்திலிருந்து நகலுக்கு என்று திசையை மாற்றினார் தம்பி. மறுபடி ஒத்திகை. வரிகளை உரக்கப் படித்தார். ஓர் அழிப்புகூட இல்லை. பிறகுதான் என்டர்!

நகல் முடிந்ததும் அக்கா காதில் ஹெட்போனை மாட்டித் தன் குரலைக் கேட்டார். அழுவார் என்று பார்த்தோம். உதட்டைப் பிதுக்கி, சத்தமில்லாமல் வாயசைத்தார். எனக்குப் புரியவில்லை.

"என்ன சொல்றாங்க?"

"இந்த இடத்துல வேகமா படிச்சுட்டேனாம்" என்று தம்பி சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

இன்று எங்கள் நகல் வேலைக்குக் கட்டளைகளை வரிசையாகக் கோத்த ஒரு சிறு ஸ்கிரிப்ட் இருக்கிறது. தானே ஒத்திகை பார்க்கும். ஓர் அழிப்பு தென்பட்டாலும் நிற்கும். கணினியின் பெயரை முழுதாக எழுதினால்தான் நகரும். எழுதியவர் மின்னல்!

அன்பர்களே! நாம் காப்பது இரும்பையா? கம்பியையா? ஒருவரின் உழைப்பை, ஒருவரின் முகத்தை, ஒருவரின் குரலைக் காக்கிறோம்! வேகம் உங்கள் திறமை. நிதானம் அவர்களுக்கு நீங்கள் தரும் மரியாதை! நாம் இங்கே அமர்ந்திருக்கும் இந்த நேரத்தில், எங்கோ ஓர் அறையில், கண் தெரியாத ஒருவருக்கு அந்த அம்மாள் கதை படித்துக்கொண்டிருக்கிறார்.

மணியை மறந்திருந்த செயலாளருக்கும், மனம் தந்து கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.