நெற்றியில் போன மகரந்தம்

மயிலாப்பூர் குளத்தருகே பஸ் ஏறிய இரு பெண்கள் எனக்கு முன்னால் உட்கார்ந்தார்கள்.

"எங்காத்துக்காரர் நெத்தியைத் தொடைக்கறதுக்குள்ள அவர் ஆபீஸுக்குப் போயிடணும்டி" என்றாள் ஒருத்தி.

"எதுக்கு?" தோழிக்கு விளங்கவில்லை.

"தொட்டில சிவப்பு அமரில்லிஸ் போன வாரமே பூத்துது. வெள்ளை இன்னிக்குத்தான் விரிஞ்சிருக்கு. சேர்த்து வெச்சா விதை பிடிக்குமேன்னு, சிவப்போட மகரந்தத்தைப் பேப்பர்ல மடிச்சு ஃப்ரிட்ஜ்ல வெச்சிருந்தேன்."

"சரி. நெத்தி?"

"மஞ்சப் பொடியா இருந்துதா, கோயில் பிரசாதம்னு அவ்வளவையும் இட்டுண்டு கிளம்பிட்டார்."

"போன் பண்ணிச் சொல்லேன்."

"சொன்னா உடனே முகம் அலம்பிடுவார்." கைப்பையிலிருந்து காது குடையும் பட்ஸ் ஒன்றை எடுத்துக் காட்டினாள். "இதுல ஒத்தி எடுத்துடுவேன்."

தோழி அதைக் கையில் வாங்கிப் பார்த்தபடி கேட்டாள்:

"வேர்த்துடுமேடி. அவர் ஆபீஸ்ல ஏசி இருக்கோல்லியோ?"