அரைச் சுற்று

அந்த விசிறி மொத்தம் முப்பத்தொரு மணி நேரம் ஓடியது. அதில் ஒருமுறைகூடப் பெரிய சத்தம் எழுப்பியதில்லை. பக்கத்தில் நின்று மெல்லப் பேசினாலும் கேட்கும். எனக்கு உரக்கப் பேச வராது. அதனாலேயே அது எனக்குப் பிடித்திருந்தது.

தமிழில் சொல்லலாமா என்று கேட்டேன், சரி என்றீர்கள். முதல் இரண்டு விசாரணையிலும் ஆங்கிலத்தில் சொன்னேன். இது தமிழில் சொல்ல வேண்டிய விஷயம்.

என் பெயர் இளமதி. இயற்பியல் படித்தேன். இங்கே சிங்கப்பூரில், உபி வட்டாரத்தில், ஒரு சிறிய நிறுவனத்தில் விசிறி வடிவமைக்கும் வேலை. கப்பலின் அடித்தொட்டிகளுக்குள் ஆட்கள் இறங்கிப் பெயிண்ட் அடிப்பார்கள். ஒரே ஒரு துவாரம்தான் வழி. பெயிண்டின் ஆவி உள்ளேயே தங்கிவிடும் என்பதால், வெளிக்காற்றைக் குழாய் வழியாகத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கான பழைய விசிறி பீப்பாய் அளவு இருக்கும். என்னுடையதை ஒரு கையில் தூக்கிவிடலாம். ஒரு பெரிய சக்கரத்துக்குப் பதில் ஐந்து சிறிய சக்கரங்களை ஒரே தண்டில் கோத்திருந்தேன். ஒன்று தள்ளும் காற்றை அடுத்தது வாங்கி இன்னும் அழுத்தித் தள்ளும். பழைய விசிறி எடுக்கும் மின்சாரத்தில் பாதி போதும் என்று கணக்கிட்டேன்.

கணக்கு தவறு. ஒரு சக்கரத்திலிருந்து அடுத்ததற்குக் காற்று வளைந்து போகும் இடத்தில் எவ்வளவு வீணாகும் என்பதைக் குறைவாகப் போட்டிருந்தேன். முக்கால் பங்கு மின்சாரம் ஆனது. முதலாளி சேவியரிடம் சொல்ல அவர் அறை வரை போனேன். அவர் துவாஸிலுள்ள கப்பல் பட்டறையோடு தொலைபேசியில் இருந்தார். பாதிதான், உத்தரவாதம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் சோதனையில் மின்சாரம் திடீரென்று பாதிக்கும் கீழே இறங்கியது. சேவியர் மீட்டரைப் படம் எடுத்துப் பட்டறைக்கு அனுப்பினார். "மதி, சாதிச்சிட்ட லா" என்றார். எல்லோரையும் சிராங்கூன் சாலைக்குக் கூட்டிப்போய்ப் பிரியாணி வாங்கித் தந்தார். திரும்பி வந்த பிறகுதான் காரணத்தைக் கண்டுபிடித்தேன். விசிறி எதிர்ப்பக்கமாகச் சுழன்றிருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்த வகைச் சக்கரம் எதிர்ப்பக்கம் சுழன்றால் காற்றைத் திருப்பி உறிஞ்சாது. அப்போதும் காற்று அதே பக்கம்தான் வரும். அளவு மட்டும் பாதிக்கும் குறைவாக இருக்கும். வேலை குறைவதால் மின்சாரமும் குறையும். சக்கரங்கள் மூடிய கூட்டுக்குள் இருப்பதால் வெளியே தெரியாது. எங்கள் பிளக்கில் உள்ள இரண்டு முனைகளை ஸ்க்ரூடிரைவரால் அரைச் சுற்றுத் திருப்பினால் போதும், மோட்டார் திசை மாறிவிடும். யாரோ தெரியாமல் திருப்பியிருந்தார்கள். நான் சரிசெய்து வைத்தேன். சேவியரிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

பட்டறையில் இணைப்புக் கொடுத்தவர் ஆரிஃப் என்ற எலக்ட்ரீஷியன். பிளக் தலைகீழாக இருந்ததற்கு அவர்தான் பொறுப்பு என்று அவரை ஊருக்கு அனுப்பப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஆரிஃப் சரியாகத்தான் இணைத்தார். பட்டறையில் சோதித்த அன்று காலையில் குழாய் மலைப்பாம்புபோல் உப்பி நின்றது. பட்டறை அதிகாரி காற்றை அளந்து தலையசைத்தார். தேநீர் இடைவேளைக்குப் பிறகு, தொட்டிக்குள் வேலை நடக்கும்போது ஒரு மணி நேரம் மின்சாரத்தை அளப்பதாக ஏற்பாடு. அது பாதிக்கு மேல் போனால் எங்களை வேண்டாம் என்பார்கள். நிறுவனத்தை மூட வேண்டியதுதான். நாங்கள் ஒன்பது பேர்.

எல்லோரும் தேநீர் குடிக்கப் போனார்கள். நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்து அரைச் சுற்றுத் திருப்பினேன்.

அளந்து முடிந்ததும் திருப்பி வைத்துவிட நினைத்தேன். ஒருவர் மட்டும் தூரிகையால் அடிக்கப்போகும் பெயிண்டுக்குக் குறைந்த காற்றே ஒரு மணி நேரம் தாங்கும் என்று மனதுக்குள் கணக்கும் போட்டேன். என் கணக்குகளைப் பற்றி முன்பே சொன்னேன்.

உள்ளே இறங்கியவர் சுந்தரம். அறந்தாங்கிக்காரர். என் விசிறியை முதலில் பார்த்தபோது, "பழைய ஃபேனைத் தூக்க ரெண்டு ஆளும் ஒரு சண்டையும் வேணும் மேடம். இது எம் பொண்ணு ஸ்கூல் பேக் கணக்கா இருக்கு" என்றார். நான் சிரித்ததைப் பார்த்து, மேடத்துக்கு வாய் இருக்கிறது என்று மற்றவர்களிடம் அறிவித்தார். இறங்குமுன் கந்தல் துணியைக் குழாய் முனையில் பிடித்துப் பார்த்தார். துணி பறந்தது. திருப்தியாக ஏணியில் இறங்கினார்.

துவாரத்தருகே காவலுக்கு நின்றவர் இம்ரான், பங்களாதேஷ்காரர். பட்டறை அதிகாரி மீட்டருடன் இருந்தார், சீனர். சேவியர் மேலதிகாரிகளோடு கீழே போயிருந்தார். மீட்டர் பாதியைக் காட்டியது. யாரும் எதையும் கேட்கவில்லை. அப்புறம் உள்ளே ஏதோ விழும் சத்தம் கேட்டு இம்ரான் விசில் ஊதினார். சுந்தரத்தை மேலே தூக்கியபோது உயிர் இல்லை. கையில் தூரிகை இருந்தது. பிளக்கைத் திருப்ப எனக்கு வழியில்லை. சுற்றிலும் ஆட்கள்.

யாரும் கேட்கவில்லை என்று இரண்டு முறை சொல்லிவிட்டேன். என் வீட்டில், புக்கிட் பாத்தோக்கில், அம்மாவிடமும் அதைத்தான் சொன்னேன்.

இம்ரானின் வாக்குமூலம் உங்களிடம் இருக்கிறது. விழுவதற்குச் சற்று முன் சுந்தரம் ஏணியடியிலிருந்து தமிழில் ஏதோ கேட்டார், நான் பதில் சொன்னேன், அவர் மறுபடி உள்ளே போனார் என்று அவர் சொல்லியிருக்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது. அங்கே தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என்ன கேட்டார் என்று நீங்கள் இரண்டு முறை கேட்டீர்கள். சாப்பிட்டாயிற்றா என்று கேட்டார், ஆயிற்று என்றேன் என்று சொன்னேன். அவர் எல்லோரையும் அப்படிக் கேட்பவர்தான், நம்பிவிட்டீர்கள். அவர் மனைவி பாக்கியலட்சுமி ஊரிலிருந்து கூப்பிட்டபோதும் அதையே சொன்னேன். "அவரு அப்படித்தாம்மா கேப்பாரு" என்று அழுதார்.

சுந்தரம் கேட்டது இது: "மேடம், காத்து கம்மியா இருக்கே, தலை சுத்துது. ஏறி வந்துடவா?"

நான் துவாரத்தில் குனிந்தேன். அவருக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

"வேணாம்ணே. காத்து சரியாத்தான் வருது."