வீங்கிய நகல்

லாம்பைத் தணியுங்கோ. கிட்ட வந்து இருங்கோ. இது எங்கடை செல்வரத்தினத்தின் மருமகன் நிரோஜனுக்கு இரண்டாயிரத்து ஆறில் நடந்தது.

மாலை ஆறு மணி. புளியங்கூடல் தெருவில் ஒரு நாய்கூட இல்லை. ஊரடங்குக்கு முன் சைக்கிளை மிதித்து மீனவர் சங்கத்துக்குள் நுழைந்தான், கம்பியூட்டர் திருத்துகிற நிரோஜன். கடலுக்குப் போக நேவி கொடுக்கும் பாஸுக்கான படங்கள் எல்லாம் அங்கே ஒரு லினக்ஸ் சேர்வர் கம்பியூட்டரில். காலையில் கரண்ட் போய் வந்ததிலிருந்து அது எழும்ப மறுத்தது.

கதவைத் திறந்ததுமே நாற்றம்... வெயிலில் கிடந்து வெடித்த திருக்கை நாற்றம்.

"என்னண்ணை, மீனையும் உள்ளுக்கை வைச்சுப் பூட்டினனீங்களோ?"

"முதல் உம்மடை சப்பாத்தை மணந்து பாரும்," என்றார் சங்கக் காரியதரிசி யாக்கோப்பு.

மூலையில் மேரிறோஸ். அவள் மகன் மிரோஜன் போன மாதம் கடலில் காணாமல் போனவன். உடல் ஒதுங்கவில்லை.

"இடம்பெயர்ந்து ஓடினதிலை வீட்டுப் படமெல்லாம் போயிட்டுது தம்பி. அவன்ரை முகம் இதுக்கை மட்டும்தான் இருக்கு. நாளைக்குப் பூசைக்கு வைக்கவேணும்."

ஒருவழியாகத் திரை எழும்பியது. வட்டு பழுதில்லை. இழுத்தடித்தது ஒரு ஸ்னாப்ஷொட். போன மாரியில் அவனே எடுத்துவிட்டு நீக்க மறந்தது. அன்றிருந்ததை அப்படியே காக்கும் நகல். புதிதாக எதையாவது எழுத எழுத அது வீங்கும். நிரம்பினால் செத்துவிடும்.

இப்பவே எண்பது வீதம் நிரம்பியிருந்தது.

யார் எழுதுகிறார்கள்? நெட்வேர்க் வயரைப் பிடுங்கினான். எண்பத்தெட்டு.

ஒரேயொரு கோப்புத்தான் பெருத்துக்கொண்டிருந்தது. காணாமல் போன மிரோஜனின் படம்.

திறந்தான். பின்னால் பாஸ் படங்களுக்குக் கட்டும் அதே நீலச் சீலை. முன்னால்... ஊதிப் பச்சை பூத்த முகம். மீன் கொத்திய உதடு.

பழைய முகம் ஸ்னாப்ஷொட்டுக்குள் இருக்கும். நிரம்பும் முன் எடுத்துவிட வேண்டும். பிரதி போட்டான். ஊர்ந்தது. கம்பியூட்டர் பெட்டிக்குள் தண்ணீர் அலம்புவது போல சளக்... சளக். தொண்ணூற்றாறு. தொண்ணூற்றொன்பது.

நூறு.

பிரதியில் வந்தது நெற்றி மட்டும். மற்றதெல்லாம் சாம்பல் நிறம்.

வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார் யாக்கோப்பு. நிரோஜன் திரையைக் கையால் மறைத்தான். "ஏலாமல் போச்சு அம்மா. பாராதேங்கோ."

அவள் கையை விலக்கிப் பார்த்தாள். வெகுநேரம். முகம் சுளிக்கவில்லை. சேலைத் தலைப்பால் திரையை மெல்லத் துடைத்தாள், பிள்ளைக்கு மூக்குத் துடைப்பது போல.

"இவன்தான். இதையே அடிச்சுத் தாரும்."

நிரோஜன் மறுபடி திரையைப் பார்த்தான். அவள் துடைத்த கன்னத்தில் தோலில்லை.

அது சேலைத் தலைப்பில் ஒட்டியிருந்தது.