மஞ்சக்குப்பத்தில் உடைத்த டிவி

கல் விழுகிறது. டொக். டொக். ஹெல்மெட்டில் கல் படுகிற சத்தம். சாயங்காலம் ஆறரை. எல்லையில் துப்பாக்கி எடுக்கக் கூடாது என்று ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம். அதனால் கல். ஆணி அடித்த தடி. மேட்டிலிருந்து சீனாக்காரன் இறங்கி வருகிறான். ஆற்றங்கரை வரைக்கும் தார் ரோடு போட்டிருந்தான் அவன். நம்ம அரிசி கழுதை முதுகில் வந்தது.

நான் தேவனாம்பட்டினம். பக்கத்தில் நிற்பவன் வேலு, சிதம்பரம் பக்கம் கிள்ளை. என் தங்கச்சி மலரைக் கட்டியவன். ரெண்டு பேருமே கடலில் வளர்ந்தவர்கள்.

எங்கள் சுபேதார் சறுக்கி ஆற்றில் விழுந்தார். பனி உருகி ஓடுகிற ஆறு. எங்க ஊரில் ஆள் தண்ணியில் விழுந்தால் யாரும் யோசிப்பதில்லை. வேலு பூட்ஸைக் கழற்றினான்.

"குதிக்காத மச்சான்! கடல் இல்லடா இது!"

குதித்துவிட்டான். சுபேதாரைக் கரைக்குத் தள்ளினான். நாலு வீச்சு நீந்தினான். ஐந்தாவதுக்குக் கை எழவில்லை. எட்டி அவன் சட்டையைப் பிடித்தேன். என் கையுறை ஊறி ஐஸாகிவிட்டது. விரல் மரத்துப்போச்சு. சட்டை நழுவியது.

வேலு போன முப்பதாம் நாள். மஞ்சக்குப்பம் மைதானம். மேடை. மலரை முன்வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். "சீனா ஒரு கொசு! நசுக்கிடுவோம்!" என்கிறார் ஒருத்தர். அவர் கையிலிருக்கும் மைக், தலைக்கு மேல் சீரியல் லைட், படம் பிடிக்கிற செல்போன், எல்லாமே அந்தக் கொசு செய்த சரக்கு. எனக்கு மாலை. கட்டுப் போட்ட கையில் சுத்தியல். எதிரே ஒரு சீன டிவி.

"அண்ணே, மொத அடி நீங்கதான்! லைவ்ல போவுது!"

சீனாக்காரன் ரோட்டை நேரில் பார்த்தவன் நான். கொசுவா அவன்?

மலர் எழுந்து மைக்கை வாங்கினாள். "இத உடைச்சா அந்தத் தண்ணி சூடாயிடுமா? இன்னும் அங்க நிக்கிறவங்களுக்கு நல்ல கையுறை குடுங்க. ரோடு போடுங்க."

மைக்கைப் பிடுங்கினார்கள். "பாவம், துக்கத்துல பேசுது" என்று கை தட்டினார்கள். நான் சுத்தியலைக் கீழே போட்டேன். வேற யாரோ எடுத்து அடித்தார்கள். "செல்ஃபி! செல்ஃபி!"

மறக்காமல் இருக்க எழுதி வைக்கிறேன். போனது வேலு. என் வலது கையில் மூன்று விரலும் பனியில் போச்சு. அந்தப் பக்கம் எத்தனை பேர், தெரியாது. அங்கேயும் யாராவது எண்ணியிருப்பார்கள். கரையில் கிடந்த ஒரு ஜோடி பூட்ஸை மட்டும் மலரிடம் கொண்டுவந்து கொடுத்தேன்.

மஞ்சக்குப்பத்தில் போனது ஒரு டிவி. அதுவும் ஓடாத டிவி. பண்ருட்டி காயலான் கடையில் எடைக்கு வாங்கி வந்ததாம்.