அடுத்த அறையில் இருந்தேன்

பட்டர் டார்ட் என்கிற அந்தக் குட்டி இனிப்புப் பலகாரத்தில் உலர்திராட்சை இருக்க வேண்டும் என்பது என் கட்சி. அன்று மதியம் நர்ஸ் ஷீலா கொண்டுவந்ததில் இருந்தது. இரண்டு எடுத்துக்கொண்டேன்.

மருத்துவச்சிகள் மேல் எனக்கு வெறுப்பு என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அபாண்டம். எங்கள் மருத்துவச்சி ஒடெட் லலோன்டின் கை நல்ல கை. ஆனால் எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் இருந்தது. மருத்துவச்சி டாக்டரைக் கூப்பிட்டால், அந்தப் பிரசவம் டாக்டருடையது. அவள் ஓரமாக நிற்க வேண்டும். யோசனை மட்டும் கேட்டுவிட்டுப் பிரசவத்தைத் தானே தொடரலாம் என்று ஒடெட் நிர்வாகக் குழுவில் வாதாடி அதை மாற்றிவிட்டாள். எதிர்த்தவன் நான் ஒருவன்தான். சபையில் மூக்கறுபட்டேன், வலிக்கத்தான் செய்தது.

மறுவாரமே போன் செய்தாள்.

"டாக்டர், கிர்ஸ்டனோட குழந்தைக்குத் துடிப்பு இறங்குது. கொஞ்சம் வந்து பாருங்க."

"பாக்கணுமா, எடுத்துக்கணுமா?"

"முதல்ல வாங்களேன். அதை அப்புறம் பேசிக்கலாம்."

விதியை மாற்றியது அவள். பேச்சில் தெளிவும் அவளிடம்தானே இருக்க வேண்டும்? காத்திருந்தேன். ஷீலா ஓடிவந்தாள்.

"டாக்டர், ஒடெட் கூப்பிடறா. அவசரமாம்."

"ஒப்படைக்கிறேன்னு சொல்லச் சொல்லு, வரேன்."

கடைசியில் ஒடெட்டே வாசலில் வந்து நின்றாள். கையுறையில் ரத்தம்.

"எடுத்துக்கோங்க டாக்டர். கேஸ் உங்களோடது. நான் ஓரமா நிக்கிறேன், வாயே தொறக்கமாட்டேன். வாங்க."

அவ்வளவு பணிவாக அவள் பேசி நான் கேட்டதில்லை. மனசுக்கு இதமாக இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். அறுவை நேர்த்தியாக அமைந்தது, கிர்ஸ்டன் பிழைத்தாள். குழந்தை அழவில்லை.

ஒப்படைக்கத் தாமதம் என்று குழு ஒடெட்டை வீட்டுக்கு அனுப்பியது. குழுவுக்கு விளக்கம் தந்தவன் நான்தான். பொய் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு விஷயம் தெரியாதோ என்று கேட்கிறீர்கள். டாக்டர்கள் அறைக்கும் பிரசவ அறைக்கும் நடுவே ஒரு மெல்லிய தடுப்புதான். கருவியில் அந்தத் துடிப்பு மெதுவாகிக்கொண்டே போனது எனக்குக் கேட்டது. இரண்டாவது டார்ட்டைத் தின்று முடிக்கும்வரை கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

கிர்ஸ்டன் மறுபடி உண்டாகியிருக்கிறாள். "இந்தத் தடவை உடனே வந்துடுவீங்கல்ல டாக்டர்?" என்றாள். பாவம், பயந்திருக்கிறாள். தைரியம் சொல்லி அனுப்பினேன். இப்போது இங்கே மருத்துவச்சியே கிடையாது. இனி என்னைத் தாமதப்படுத்த யார் இருக்கிறார்கள்?