விரலுக்குக் கொஞ்சம் எடம்

ஓம் ஓம், வெளங்கிட்டு. கறுப்புச் சப்பாத்து, கணுக்காலுக்கு மேல வாறது, ஆமிக்காரன் போடுற மாதிரி. மொதல்ல இரிங்க தம்பி. நிண்டுக்கிட்டே சப்பாத்து எடுக்கிற ஒராள நான் இண்டைக்குத்தான் காணுறன்.

எது, கண்ணாடிக்குள்ள இரிக்கிற அதா? அது ஒங்களப் பாத்துக் கண்ணடிச்சிரிக்கும். வாற எல்லாருக்கும் கண்ணடிக்கிற சாமான் அது. தோல் இல்ல, ரெக்சின். பொத்துவில்ல வெள்ளக்காரனுக்குப் பின்னால மோட்டார் சைக்கிள்ல திரியிற பொடியனுகள் அதத்தான் கேட்டு வாங்குவானுகள். மூணு மாசத்துல சோல் வாயத் தொறந்து கொட்டாவி உடும். அவனுகளுக்கு மூணு மாசம் காணும், சீசன் முடிஞ்சிரும். ஒங்களுக்கு அப்பிடியா?

செருப்பக் கழட்டுங்க. என்ன வெக்கம்? முப்பது வருசமா நான் பாக்கிறது ஆக்கள்ட காலத்தான். மொகத்தப் பாத்து ஊர் சொல்ல எனக்கு ஏலா, காலப் பாத்தாச் சொல்லுவன். ம்... நீங்க மருதமுன. சரியா? தறி வேல. ஹா, முழிக்கிறீங்களே! பெருவிரலப் பாருங்க, மத்த நாலோடயும் கோவிச்சிக்கிட்டுத் தள்ளி நிக்கிது. தறி மிதிச்ச கால் அப்பிடித்தான் இரிக்கும்.

அஸ்கி எண்டா பேரு? நல்ல பேரு. நான் நிஸாம். கடையில போட்டிரிக்கிற பேரு என்ட இல்ல, வாப்பாட. அதக் கூப்பிட்டா நான் திரும்பிப் பாக்க மாட்டன்.

இந்தா, இதப் புடிங்க. மடிச்சிப் பாருங்க. பயப்படாம மடிங்க, ஒடஞ்சா என்ட தலையில. சுருக்கம் உழுந்து திரும்பி வருதில்ல? அதுதான் தோல். வெள்ளக் கோடு உழுந்தா மேல பூச்சு பூசியிரிக்கான் எண்டு அர்த்தம். இப்பச் சோலப் பாருங்க. விளிம்பச் சுத்தி நூல் ஓடுது. தைச்ச சோல் தேஞ்சாக் கழட்டிட்டு வேற போடலாம், ஒட்டின சோல் போனாச் சப்பாத்தே போச்சி. லேசுக்குக் கீழ இரிக்கிற நாக்கு ரெண்டு பக்கமும் சேத்துத் தைச்சிரிக்கணும், அப்பதான் தண்ணி உள்ளுக்க வராது. இழுத்துப் பூட்டுற சிப் வெச்சதக் கேக்காதீங்க. சிப் போனா நடு ரோட்டுல காலத் தூக்கிக்கிட்டு நிக்கணும். லேஸ் அறுந்தாப் பெட்டிக்கடையிலயும் வாங்கலாம்.

நேரமா? ஏன் ஃபோனயே பாத்துக்கிட்டு இரிக்கீங்க? பின்னேரம் சப்பாத்து எடுக்க வந்ததே நல்ல வேல. காலையில கால் சுருங்கி இரிக்கும், நடந்து திரிஞ்ச பொறகு கொஞ்சம் ஊதும். ஊதின காலுக்குத்தான் எடுக்கணும். ரெண்டு காலும் ஒரே அளவு எண்டு நெனைக்காதீங்க. ஒங்கட வலது கால் பெரிசு. எல்லாருக்கும் ஒண்டு பெரிசுதான், அத யாரும் பொண்ணு பாக்க வரக்குள்ள சொல்றல்ல.

எங்க போறீங்க இதப் போட்டுக்கிட்டு? வயலுக்கு எண்டா ரப்பர்ச் சப்பாத்துப் போதும். வெளிநாடா! மாஷா அல்லாஹ். கட்டாரா? இல்ல? பனி பெய்யிற நாடா? அங்க என்ன வேல? ஹோட்டல்ல காவல். நல்லம், நல்லம்.

அது என்ன கடதாசி, கைக்குள்ள வெச்சிக் கசக்கிறீங்க? ஏஜென்சிக்காரர் தந்த லிஸ்டா? தாங்க, பாத்து எடுத்துத் தாறன். கறுப்புத் தோல் சப்பாத்து, எட்டு இஞ்சி உயரம், ஒரு சோடி. சரி. கம்பளி சொக்ஸ் ஆறு சோடி. சரி, குளிர்தானே. முழங்காலுக்குக் கவசம் ஒரு சோடி. ம். ரத்தம் நிப்பாட்டுற இறுக்குப் பட்டி ரெண்டு.

தம்பி, அந்த ஹோட்டலுக்குச் சாப்பிட வாறவங்க கடிக்கிறவங்களா?

சிரிக்கிறீங்க. நான் தெரியாமத்தான் கேக்கன். எங்கட ஊர்ல ஹோட்டல் வாசல்ல நிக்கிறவருக்குக் கையில ஒரு டோர்ச், வாயில ஒரு வெத்தில, குந்துறதுக்கு ஒரு பிளாஸ்டிக் கதிர. அவர்ட முழங்கால ஒருத்தரும் கேட்டதில்ல. ஓ, சும்மா பாதுகாப்புக்கா? ஏஜென்சிக்காரர் சொன்னா? அவரே சொன்னாப் பொறகென்ன.

இதப் போடுங்க, ஏழு. குதிக்கால உள்ளுக்கத் தள்ளுங்க. இன்னும் தள்ளுங்க. எழும்பி நடங்க, அந்த அலுமாரி மட்டுக்கும் போய் வாங்க. மாப்பிள மாதிரி நடக்காதீங்க, சும்மா நடங்க. எப்பிடி? கடிக்கிதா? முன்னால அமத்திப் பாக்கன்... விரல் போய் முட்டுது. பெருவிரலுக்கு முன்னால என்ட கைப்பெருவிரல் அகலத்துக்கு எடம் வேணும். கழட்டுங்க. இல்ல இல்ல, போடப் போடச் சரியாகும் எண்டு சொல்றவன் சப்பாத்து விக்கிறவன், அவன நம்பாதீங்க.

என்னத்துக்குக் கண்டறியாத நாட்டுக்கு? தறி இல்லியா? ஆ, தங்கச்சியக் கட்டிக் குடுக்கிறதுக்கு ஊடு. அதான பாத்தன். எங்கட பக்கத்துல பொட்டப்புள்ளையோட பொறந்தவன் எல்லாம் மேசன்தான் போங்க. எத்தின தங்கச்சி? ரெண்டு! ரெண்டு ஊடு. நீங்க சப்பாத்து எடுக்கிறதுக்கு முதல் சீமெந்துக்கில்ல சொல்லி வெச்சிரிக்கணும். உம்மாக்குத் தெரியுமா? ஹோட்டல் எண்டு சொல்லித்தான் இரிக்கீங்க. அதுவும் பொய் இல்லதானே, ஒங்களுக்கும் அப்பிடித்தான சொன்னது. உம்மா இந்த லிஸ்டப் பாத்தாவா? இல்ல. ம்.

இது ஒம்பது. போட்டுப் பாருங்க. ஓம், பெரிசுதான், தெரியும், சும்மா போடுங்க. லேஸ அவசரத்துல கட்டாதீங்க, கீழ இருந்து ஒவ்வொரு ஓட்டையா இழுத்துக்கிட்டு வாங்க. நடங்க. குதி மேல எழும்புது, பாத்தீங்களா? ஒவ்வொரு எட்டுக்கும் ஒருக்கா எழும்பினா ரெண்டு மைல் போறதுக்குள்ள கொப்புளம். கழட்டுங்க.

எட்டா? எட்டு இரிக்கணும், பொறுங்க, தேடணும். அவசரப்படாதீங்க தம்பி, அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரம்தான் ஆகுது. பிளேன்டீ சொல்லியிரிக்கன், இஞ்சி போட்டு. குடிக்காமப் போனாக் கடைக்குப் பறக்கத்து இல்ல.

அடிக்கட்டும், ஃபோன எடுக்காதீங்க. வேன்காரன்தான் அவன். சும்மா வெரட்டுவான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால நிப்பாட்டியிரிப்பான், நாலு மணி நாலு மணி எண்டு கத்துவான், நாலரைக்கு முதல் எடுக்க மாட்டான். கொழும்புல ரெண்டு நாள் ஒரு ஊட்டுக்குள்ள வெச்சிரிப்பாங்க, பொறகுதான் ஏர்போட்.

ஓம். நீங்க சொல்லல்ல. வேன் எண்டு ஒரு சொல்லும் நீங்க சொல்லல்ல.

போன வருசம் அந்த வேனுக்கு என்ட மகன நான்தான் கொண்டு போய் ஏத்தி உட்ட. சப்ரி. லிஸ்ட் இதேதான், எழுத்துப் பிழையும் அப்பிடியே கெடக்கு, சொக்ஸுக்கு ரெண்டு கொம்பு போட்டிரிக்கான் பாருங்க. அண்டைக்கு நான் முழங்கால் கவசத்த வாசிச்சிட்டு, பனியில வழுக்கி உழுந்தா எண்டு எழுதியிரிப்பாங்க எண்டு நானே சொன்ன. நான் பெரிய கெட்டிக்காரன்.

இல்ல, மௌத்தாகல்ல, அல்ஹம்துலில்லாஹ். உசிரோட வந்துட்டான். வந்து அஞ்சு மாசம். இந்தக் கதவுக்கு அங்கால அறையிலதான் இரிக்கான், நாம கதைக்கிறது அவனுக்குக் கேக்கும். அங்க ஹோட்டலும் இல்ல, வாசலும் இல்ல. பாஷ தெரியாத கடதாசியில கையெழுத்து வாங்கி, கையில துவக்கக் குடுத்து, மண் வெட்டின குழிக்குள்ள நிக்க உட்டிரிக்காங்க. பகலும் அங்க, ராவும் அங்க. காயம் பட்ட ஆக்களோட ஆஸ்பத்திரிக்கு வந்து, அங்க இருந்து எப்பிடியோ தப்பி வந்தான். எப்பிடி எண்டு எனக்கு இன்னும் சொல்லல்ல. கேட்டாத் தேத்தண்ணி ஆறிட்டு எண்டுவான்.

ஒங்களுக்கு எட்டுத்தான் தம்பி. நீங்க செருப்பக் கழட்டினவுடன எனக்குத் தெரியும். இந்தா, என்ட கதிரைக்குக் கீழ பெட்டியோட இரிக்கு. ஏழும் ஒம்பதும் சும்மா, ஒங்கள இஞ்ச வெச்சிக்கிறதுக்கு. கோவிக்கிறதெண்டாக் கோவிங்க. கொண்டு போறதெண்டாலும் கொண்டு போங்க, இன்னும் இருவது நிமிசம் இரிக்கு, நடந்தே போயிரலாம். கையப் புடிச்சி நிப்பாட்ட நான் ஆரு? தங்கச்சிமாருக்கு ஊடு வேணும் எண்டது பொய்யில்லதானே.

ஒரு அஞ்சு நிமிசம் மட்டும் உள்ளுக்கப் போய் அவனோட கதைங்க. அதுக்குத்தான் இவ்வளவு சுத்தினன். என்னோட கதைக்க மாட்டான், வயசொத்த ஆளோட கதைப்பான். ஏஜென்சிக்காரர் சொன்னதையும் கேட்டீங்க, இதையும் கேளுங்க.

ஆ, ஒண்டு. உள்ளுக்கப் போனா அவன்ட வலது காலப் பாக்காத மாதிரி இரிங்க. அதுல விரல் ஒண்டும் இல்ல. குண்டு இல்ல, குளிர். இருந்ததுல நல்ல தோல், தைச்ச சோல் பாத்து, நான்தான் அவனுக்குச் சப்பாத்து எடுத்துக் குடுத்த. கால் ஆடக்கூடாது எண்டு அரை நம்பர் கொறச்சி, நல்ல இறுக்கமாக் குடுத்தன். குளிருக்கு ரெண்டு சொக்ஸ் போடுவாங்க எண்டு இந்தக் கடக்கரையில இரிக்கிற எனக்கு என்ன தெரியும்? இறுகின காலுக்கு ரத்தம் ஓடாதாம், டொக்டர் சொன்ன.

ஃபோன் திரும்பவும் அடிக்கிது... ஓஃப் பண்ணிட்டீங்களா? சரி. சரி மகன்.

போங்க, கதவு சும்மாதான் சாத்தியிரிக்கு. பிளேன்டீ ரெண்டையும் நான் அங்கயே அனுப்புறன். அவன் என்னோட ஒரு நாளும் கோவிக்கல்ல தெரியுமா. வந்த அண்டு கட்டுப் போட்ட கால நான் பாத்துக்கிட்டு நிக்கன், அவன் சொல்றான், சப்பாத்து நல்ல சப்பாத்துத்தான் வாப்பா எண்டு.