முதலில் தண்ணீர்

நேர்முகப் பரீட்சைக்கு வருகிறவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுக்கவேண்டும் என்ற பழக்கத்தை எங்கள் கல்லூரியில் கொண்டுவந்தவள் நான்தான், மகள். நாக்கு ஒட்டிப்போய் நிற்கிற பிள்ளையிடம் கேள்வி கேட்டு என்ன பயன்? நானே விறாந்தைக்குப் போய்க் கிளாசை நீட்டி, இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் உள்ளே வந்து கதிரையில் உட்காருவேன். மிஸிஸ் நவரட்ணராஜா இருந்தால் பயமில்லை என்று பிள்ளைகள் சொல்வார்களாம்.

சாய்ந்து உட்காருங்கள், சீதா. தெரிவுக் குழுவில் இருந்த ஒரே பெண் நான் என்பதால்தானே, உங்கள் அக்கா இராஜகுமாரியைப் பற்றிக் கேட்க ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குண்டசாலைவரை வந்திருக்கிறீர்கள். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

அன்றைக்கு விடிந்ததிலிருந்து மழை. இருந்தது ஒரே ஒரு விரிவுரையாளர் இடம். அக்கா குறுக்குப் பாதையால் மலையிலிருந்து நடந்தே இறங்கி வந்திருந்தாள். வெள்ளைச் சேலை. பின்பக்கக் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தவளிடம் தண்ணீரை நீட்டினேன். குடித்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"நீங்க பரிமளம் அக்காதானே? அப்படியே ஒங்கம்மா மொகம். நான் வேலாயி மக. ஒங்கம்மா சாகையில நாங்கதான் பக்கத்துல இருந்தோம். கொழுந்துக் கூடைக்குள்ள புத்தகத்த ஒளிச்சு வச்சுப் படிச்ச கள்ளின்னு எங்கம்மா இன்னும் ஒங்களச் சொல்லிச் சிரிக்கும்."

நானும் சிரித்தேன்.

"வேல கெடைச்சா தெனமும் ஒங்களோடதான் சோறு. கருவாட்டுக் கொழம்பு கொண்டாறேன், அக்கா."

என்னைத் தெரியும் என்று யாரிடமும் சொல்லிவிடாதே, வேண்டியவளுக்கு வேலை கொடுத்ததாகப் பேசுவார்கள் என்றேன். தலையாட்டினாள். கடைசிவரை வீட்டில்கூடச் சொல்லவில்லை என்று இப்போது உங்கள் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது.

என் கணவர் யாழ்ப்பாணம். என் அப்பா கண்டிக் கடைத்தெருவில் வியாபாரம் செய்தவர் என்றுதான் அவர்கள் வீட்டில் சொல்லியிருந்தது. கல்லூரியிலும் அப்படித்தான். என் மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம் வேறு. தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்ததை நான் கேவலமாக நினைக்கவில்லை. சொல்லவில்லை, அவ்வளவுதான்.

உள்ளே அவள் நன்றாகவே பதில் சொன்னாள். வந்தவர்களில் அவள்தான் சிறந்தவள். அதை நான் மறுக்கமாட்டேன். கொஞ்சம் படிப்பித்துக் காட்டச் சொன்னார் தலைவர் பரமநாதன். கரும்பலகைப் பக்கம் திரும்பினாள். சேலையின் பின்புறம் முழங்காலுக்குக் கீழே சிவந்திருந்தது. குதிகாலில் இறங்கிச் சீமெந்துத் தரையில் சொட்டியது. அவள் கவனிக்காமல் எழுதிக்கொண்டே இருந்தாள். ஆண்கள் எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

"தங்கச்சி, என்னண்டு ஒருக்காப் பாருங்கோ," என்றார் பரமநாதன் என் காதருகில்.

கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனேன். நான் உள்ளே சொல்லிக்கொள்கிறேன், நீ வீட்டுக்குப் போ என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

"ஒண்டும் கேளாதேங்கோ, சேர். கலியாணமாகாத பிள்ளை. மூண்டு மாசமாம். என்னவோ மருந்து குடிச்சிருக்குது. பாவம், இந்தக் கதை இந்த அறையோட நிக்கட்டும்."

தாழ்ந்த குரலில்தான் சொன்னேன். கதவு திறந்திருந்தது, வாசலில் பியூன் நடராஜா நின்றார்.

இடம் வேறொருவருக்குப் போனது. நான் வேண்டியது அவ்வளவுதான். நடராஜாவின் மாமியார் வீடு உங்கள் தோட்டத்தில் என்பது எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன்.

அவளுக்கு நிச்சயமாகியிருந்த மாப்பிள்ளை வீட்டார் விலகியபிறகு, ஒருநாள் இங்கே வந்தாள். நீங்கள் செருப்பைக் கழற்றிய அந்தப் படியில்தான் நின்றாள்.

"நான் சொன்னாச் சிரிக்கிறாங்க, அக்கா. நடந்தது ஒங்களுக்குத் தெரியும். ஒங்க வாயால ஒரு வார்த்த சொல்லுங்க. வேலகூட வேணாம்."

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, ஆறப்போடு பிள்ளை என்றேன். "வர்றேன் அக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அந்தக் கிழமையே மகாவலி ஆற்றில் அவள் உடலை எடுத்தார்கள்.

மரணவீட்டுக்கு மலர்வளையம் கொண்டுபோனேன். லயத்து வாசலில் உங்கள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்க மேடம்" என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அட்டைக்கடி என்று அக்கா சொன்னது உண்மையா, நான்தான் பிழையாக விளங்கிக்கொண்டேனா என்று கேட்கிறீர்கள். பிழையாக விளங்கிக்கொள்ளவில்லை, மகள். முழங்காலுக்குப் பின்னால் ஒட்டியிருந்த அட்டையைக் குழாயடியில் பிடுங்கி எறிந்ததே நான்தான். பிடுங்கின அட்டைக்கடியில் இரத்தம் லேசில் நிற்காது; லயத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். சுண்ணாம்பு வைத்திருந்தால் நின்றிருக்கும். நடராஜாவின் வெற்றிலைப் பையில் இருந்தது. அவள்கூடக் கேட்டாள். நேரமாகிவிட்டது, அது தானாக நிற்கும், உள்ளே போ என்றேன்.

ஆனால் முதலில் தண்ணீர் கொடுத்தேன். அதையும் அம்மாவிடம் சொல்லுங்கள்.